ஸ்டார் ட்ரெக் படங்களும் இரசிகர் வழக்கும்

ஒருவர்க்குக் கரும்பாய் இனிப்பது மற்றொருவர்க்கு வேம்பாய்க் கசத்தல் உலகியல்பு. ஆயினும், சுவை வேறுபாடு ஒன்றே காரணமாயின் மாந்தர் நெடுநேரம் வழக்கிட்டுக்கொண்டிரார்; உனக்கு அது, எனக்கு இது என்று கூறி எழுந்து போய்விடுவர். ஒரு பொருளைக் குறித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது வழக்கு நிகழுமாயின், அங்கே சுவையினும் பெரியதொன்று அடங்கிக் கிடக்கின்றது என்றே நாம் கருதவேண்டும். அமெரிக்க நாட்டிற் பிறந்து உலகெங்கும் பரவிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அறிவியற் புனைகதைத் தொடரின் திரைப்படங்களுள் எது சிறந்தது என்பது அத்தகையதொரு வழக்கு. அவ்வழக்கின் வரலாற்றையும், அதன் உள்ளே மறைந்துள்ள வினாவையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

வழக்கினை அறிதற்கு முன் வழக்கிடுவோரை அறிதல் வேண்டும். ஜீன் ராடன்பெரி என்பார் ஆக்கிய இத்தொடர் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. இருபத்துமூன்றாம் நூற்றாண்டில், 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்திலேறி, தலைவர் கிர்க்கும், அறிவொன்றையே வழிகாட்டியாகக் கொண்ட ஸ்பாக்கும், இரக்கமும் சினமும் ஒருங்கே மிக்க மருத்துவர் மக்காயும் பிறரும் அறியப்படாத உலகங்களை நாடிச் செல்லுதலே அதன் கதை. பார்ப்போர் தொகை போதாமையால் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் என்னும் தம்பதியர் முன்னின்று ஒரு கடித இயக்கத்தை நடத்தினர். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. 1968-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள், தொடர் தொடரும் என்று என். பி. சி. நிறுவனம் தன் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அவ்வாறு பெற்ற ஆயுள் இன்னும் ஓராண்டே. 1969-ல், 79 கதைகளோடு தொடர் முடிவுற்றது. எனினும், 'இக்கதை நம்மாற் பிழைத்தது. ஆதலின் இது நமக்கும் உரியது' என்னும் எண்ணம் இரசிகர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. 1976-ல் அமெரிக்க அரசு தன் முதல் விண்ணோடத்திற்கு வேறொரு பெயரிட எண்ணியிருந்தும், இரசிகர் எழுதிய கடிதங்களின் மிகுதியால் அதற்கு 'எண்டர்பிரைஸ்' என்றே பெயரிட்டமை அவ்வெண்ணத்தை மேலும் உறுதிப்படுத்திற்று.

இவ்வுரிமையுணர்ச்சியே வழக்கின் வித்து. கடையிற் பண்டம் வாங்குவோன் அப்பண்டத்தைப் பழித்தல் வேறு. வளர்த்த தாய் தன் பிள்ளையின் நடத்தையைக் குறித்துக் கவலுதல் வேறு. ஸ்டார் ட்ரெக் இரசிகர் பேசுங்கால் அவர் பேச்சிற் கேட்பது பின்னையதன் குரலே.

1979 முதல் 2016 வரை திரையரங்குகளில் வெளிவந்த படங்கள் 13. அவற்றுள் முதல் ஆறும் பழைய தொலைக்காட்சித் தொடரின் நடிகரையே கொண்டவை: 'தி மோஷன் பிக்சர்' (1979), 'தி ராத் ஆப் கான்' (1982), 'தி சர்ச் பார் ஸ்பாக்' (1984), 'தி வாயேஜ் ஹோம்' (1986), 'தி பைனல் பிராண்டியர்' (1989), 'தி அன்டிஸ்கவர்ட் கன்ட்ரி' (1991). அடுத்த நான்கும் 1987-ல் தோன்றிய மற்றொரு தொடரின் மாந்தரை, அதாவது தலைவர் பிக்கார்ட் முதலியோரைக் கொண்டவை: 'ஜெனரேஷன்ஸ்' (1994), 'பர்ஸ்ட் கான்டாக்ட்' (1996), 'இன்சரக்ஷன்' (1998), 'நெமிசிஸ்' (2002). இறுதி மூன்றும் பழைய மாந்தரையே இளைய நடிகரைக் கொண்டு புதுவதாகத் தொடங்கியவை: 'ஸ்டார் ட்ரெக்' (2009), 'இன்டு டார்க்னஸ்' (2013), 'பியாண்ட்' (2016). இனி இவற்றை எண்முறையாற் சுட்டுவோம்.

இப்படங்களைக் குறித்து இரசிகரிடையே வழங்கும் விதியொன்று உண்டு. இரட்டைப்படை எண்ணுடைய படங்கள் நல்லன. ஒற்றைப்படை எண்ணுடையன சோர்ந்தன என்பதே அது. இரண்டாம், நான்காம், ஆறாம் படங்கள் போற்றப்பட்டன. முதலாம், மூன்றாம், ஐந்தாம் படங்கள் குறைகூறப்பட்டன. ஏழாவது சோர்ந்தது, எட்டாவது எழுந்தது, ஒன்பதாவது மீண்டும் தாழ்ந்தது. இலக்கியத்தினின்றே இலக்கணம் எடுக்கப்படும் என்பர் நம் முன்னோர். இங்கும் அவ்வாறே கண்டவற்றினின்று விதி எழுந்தது. ஆனால், விதி வகுத்தபின் இலக்கியம் அதற்கு அடங்கி நடக்கும் என்பது உறுதியன்று. 2002-ல் வெளிவந்த பத்தாம் படம், இரட்டைப்படை எண்ணுடையதாயிருந்தும், இரசிகராலும் கைவிடப்பட்டது. ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவிட்டு எடுக்கப்பட்ட அது, அமெரிக்க நாட்டுத் திரையரங்குகளில் அச்செலவளவும் ஈட்டவில்லை. 2009-ல் வந்த பதினோராம் படமோ, ஒற்றைப்படை எண்ணுடையதாயிருந்தும் பெருவெற்றி கண்டது.

விதி முறிந்தபோது இரசிகர் அதனைக் கைவிட்டனரோ எனின், இல்லை. நகைச்சுவையாக அதற்கொரு புறனடை வகுத்தனர். 1999-ல் 'கேலக்சி குவெஸ்ட்' என்னும் படம் வெளிவந்தது. ஸ்டார் ட்ரெக்கைப் போன்றதொரு பழைய தொடரில் நடித்தோரை, மெய்யான விண்வீரரென்று மயங்கி, வேற்றுலகத்தார் துணைக்கு அழைத்துச் செல்லுதலே அதன் கதை. அஃது இத்தொடரைச் சார்ந்ததன்று. இதனை அன்போடு எள்ளியது. அதனைப் பத்தாம் படமாக வைத்து எண்ணினால், தோல்வியுற்ற பத்தாவது பதினொன்றாகும், வெற்றிபெற்ற பதினொன்றாவது பன்னிரண்டாகும், விதியும் பிழைக்கும்! இது விளையாட்டே எனினும், ஒரு கொள்கையைக் காக்கும் பொருட்டுச் சான்றுகளைத் திருத்திக்கொள்ளும் மனித இயல்பினை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

அவ்விதியை எண்ணின் மாயம் என்று விட்டுவிடாமல் காரணம் நாடுவோமாயின், பயனுள்ள உண்மைகள் இரண்டு கிடைக்கின்றன. முதலாவது பொருட்செலவு பற்றியது. முதற்படத்தை இயக்கியவர் 'தி சவுண்ட் ஆப் மியூசிக்' முதலிய படங்களாற் புகழெய்திய ராபர்ட் வைஸ். அப்படத்திற்கு, முன்னே கைவிடப்பட்ட முயற்சிகளின் செலவும் சேர்ந்து, ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் டாலர் ஆயிற்று. வருவாய் குறைவன்றெனினும், செலவின் மிகுதி நிறுவனத்தாரை அச்சுறுத்திற்று. எனவே, இரண்டாம் படத்திற்கு அதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே ஒதுக்கினர். முதற்படத்துக்கென அமைத்த அரங்குகளும், அதில் எடுத்த விண்கலக் காட்சிகள் சிலவும் மீண்டும் பயன்பட்டன. வானத்தை விரித்துக் காட்டப் பணம் இல்லாதபோது, மனித முகத்தை அருகிற் காட்டுதல் ஒன்றே வழியாயிற்று. வறுமை சில வேளைகளிற் கலைக்கு ஆசிரியனாகின்றது.

இரண்டாவது உண்மை ஆசிரியர் பற்றியது. இரண்டாம் படத்தையும் ஆறாம் படத்தையும் இயக்கியவர் நிகலஸ் மையர் என்பார். நான்காம் படத்தின் கதையுரையை எழுதியோருள்ளும் அவர் ஒருவர். எனவே, முதல் ஆறனுள் இரட்டைப்படை எண்ணுடைய மூன்றினும் அவர் கை கலந்துள்ளது. அவரோ முன்னர் இத்தொடரிற் பழகியவர் அல்லர். வெளியிலிருந்து வந்து கண்டவர். எண்ணுக்குரிய புகழிற் பெரும்பங்கு எழுதுகோலுக்குரியது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், இயக்குநர் ஒருவரே எல்லாவற்றிற்கும் காரணம் எனலும் பொருந்தாது. எட்டாம் படத்தையும் ஒன்பதாம் படத்தையும் இயக்கியவர் ஜானதன் பிரேக்ஸ் ஒருவரே. அவற்றுள் முன்னது போற்றப்பட்டது. பின்னது விரைவில் மறக்கப்பட்டது.

இனி, வழக்கின் உயிர்நிலையை அணுகுவோம். இரசிகர் ஒவ்வொருவரும் தத்தம் கையில் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகின்றனர். அஃது இன்ன அளவுகோல் என்று உரைப்பதில்லை. ஒருவன் முழக்கோலாலும் மற்றொருவன் துலாக்கோலாலும் அளந்துவிட்டு, அளவு ஒவ்வாமை குறித்துச் சண்டையிடுதல் போல்வது இது. அவ்வளவுகோல்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, கதைக்கட்டின் செம்மை. இதனைக் கொள்வோர் இரண்டாம் படத்தையே முதன்மையாக வைப்பர். 1967-ல் தொலைக்காட்சிக் கதையொன்றில், கான் என்னும் ஆற்றல்மிக்க பகைவனை ஒரு கோளில் விட்டுச் சென்றார் கிர்க். பதினைந்தாண்டு கழித்து அவன் பழிவாங்க வருகின்றான். ரிக்கார்டோ மாண்டல்பான் என்னும் அந்நடிகரே மீண்டும் கானாக வருகின்றார். கதையின் தொடக்கத்தில், வெல்லவே இயலாதபடி அமைக்கப்பட்ட பயிற்சித் தேர்வொன்று பேசப்படுகின்றது. இளமையில் கிர்க் அத்தேர்வின் அமைப்பையே மாற்றித் தோல்வியினின்று தப்பினார். முடிவில், கலத்திலுள்ளாரைக் காக்கும் பொருட்டு ஸ்பாக் நச்சுக்கதிர் நிறைந்த அறையுட் புகுந்து உயிர் துறக்கின்றார். தோல்வியைத் தந்திரத்தாற் கடந்துவந்த தலைவர், தந்திரத்தாற் கடக்கலாகாத சாவினை முதன்முறையாக எதிர்கொள்கின்றார். தொடக்கத்தில் இட்ட வித்து முடிவிற் கனியாதல் இதுவே.

இரண்டாவது அளவுகோல், கருத்தின் பெருமை. இதனைக் கொள்வோர் முதற்படத்திற்காக வாதிடுவர். உலகை நோக்கி வரும் பேராற்றலொன்று, மாந்தர் இருபதாம் நூற்றாண்டில் அனுப்பிய ஆய்வுக்கலமே என்பது அதிற் கடைசியில் தெரிகின்றது. கற்றறிந்தன எல்லாம் கற்றபின், தன்னைப் படைத்தவர் யார் என்று தேடி அது மீள்கின்றது. கதை மெல்ல நகர்கின்றது என்பது குற்றச்சாட்டு. அறியாமையின் முன் மனிதன் நிற்கும் வியப்பினைக் காட்ட அந்நிதானம் வேண்டும் என்பது விடை. அறிவியற் புனைகதையின் தனிச்சிறப்பு போரன்று, வினாவே என்பார்க்கு இவ்விடை வலியுடையது.

மூன்றாவது அளவுகோல், காலத்தோடு பேசும் திறம். நான்காம் படத்தில் விண்வீரர் 1986-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வந்து, எதிர்காலத்தில் அற்றுப்போன திமிங்கில இனத்தைக் காக்க முயல்கின்றனர். அதிற் பகைவன் என்று ஒருவனும் இல்லை. மாந்தரின் கவனக்குறைவே பகை. வணிகத்திற்காகத் திமிங்கிலம் பிடித்தலுக்குப் பன்னாட்டுத் தடை நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டே. இத்தொடரை அறியாதாரும் திரண்டு சென்று கண்டமையால், அமெரிக்க நாட்டில் மட்டும் அதன் வருவாய் 10 கோடி டாலரைக் கடந்தது. ஆறாம் படமோ, நெடும்பகைவராகிய இரு வல்லரசுகள் சமாதானம் பேசுங்கால், பகையிலேயே வளர்ந்த முதியோர் இருபுறத்தும் அதனைக் கெடுக்க முயலுதலைக் கூறுகின்றது. அப்படம் 1991-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் வெளிவந்தது. இருபது நாட்களில் சோவியத் நாடு கலைந்தது. தன் மகனைப் பகைவர் கொன்றமையால் அவரை மன்னிக்க மாட்டாத கிர்க், அப்பகைவரின் உயிரையே காக்க நேர்தல் அக்கதையின் நெஞ்சம். பகை தீர்ந்தபின் மனிதன் தன்னை எங்ஙனம் திருத்திக்கொள்வது என்னும் வினா, அக்காலத்துச் செய்தித்தாளிலும் இருந்தது, திரையிலும் இருந்தது.

இம்மூன்று அளவுகோல்களும் ஒன்றோடொன்று மாறுபடும்போது தீர்ப்பளிப்பவர் யார்? படைத்தவரே என்று கூறத் தோன்றும். ஆனால், இங்கே ஒரு வியப்பு உண்டு. இரண்டாம் படத்தில் போர்க்குணம் மிகுந்துவிட்டது என்று அதனை மறுத்தவர்களுள் ராடன்பெரியே முதல்வர். ஆறாம் படத்தில் தம் கதைமாந்தர் இனவெறுப்புடையராகக் காட்டப்படுதலையும் அவர் ஒப்பவில்லை. எதிர்கால மனிதன் அத்தகைய சிறுமைகளைக் கடந்திருப்பான் என்பது அவர் கொள்கை. அவர் 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், ஆறாம் படம் வெளிவருதற்குச் சில கிழமைகள் முன்னே, காலமானார். அவர் மறுத்த அவ்விரு படங்களையே பெரும்பாலான இரசிகர் இன்றும் முன்வரிசையில் வைக்கின்றனர். நம் நூன்மரபிற் கூறுமாறு, முதனூலின் முடிபை ஒட்டியும், தான் வேண்டும் வேறுபாட்டினைக் கொண்டும் வருவது வழிநூல். அவ்வேறுபாடு முதனூலைச் சிதைத்ததா, வளர்த்ததா என்பதே இங்கும் வினா. மாந்தர் நல்லராய்விட்டனர் என்று காட்டுவதினும், அவர் நல்லராக முயன்று வருந்துதலைக் காட்டுவது நெஞ்சில் ஆழப் பதிகின்றது என்பதே இரசிகர் தீர்ப்பின் உட்பொருள் என்று தோன்றுகின்றது.

வேறுபாடு இன்றிப் பழையதையே மீண்டும் செய்தால் என்னாகும் என்பதற்குப் பன்னிரண்டாம் படம் சான்று. அதிற் பகைவன் மீண்டும் கானே. இரண்டாம் படத்தின் சாவுக்காட்சியும் மீண்டும் வருகின்றது. நச்சுக்கதிர் அறையில் ஸ்பாக்கிற்கு மாறாகக் கிர்க் வீழ்கின்றார். ஆனால், சிறிது நேரத்திற்குள் மருந்தொன்றாற் பிழைத்தெழுகின்றார். அப்படம் உலகெங்கும் 46 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, 13 படங்களுள்ளும் வருவாயில் முதலிடம் பெற்றது. ஆயினும், 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லாஸ் வேகஸ் நகரிற் கூடிய இரசிகர் படங்களை வரிசைப்படுத்தியபோது, அதனைக் கடைசியில் வைத்தனர். இரண்டாம் படம் முதலிடம் பெற்றது. முன்னே கூறிய கேலக்சி குவெஸ்ட்டும் அவ்வரிசையின் நடுவே இடம்பெற்றது! தம்மை நகைத்த படத்தினும் தம்மைப் பின்பற்றிய படத்தை அவர் தாழ்வாக மதித்தனர். நகைத்தவன் தம் கதையின் உள்ளத்தை அறிந்தான். பின்பற்றியவன் அதன் உடையை மட்டும் அணிந்தான் என்பது அவர் கருத்துப் போலும்.

தீர்ப்பு என்றும் நிலையானதன்று என்பதும் கருதத்தக்கது. முதற்படம் வெளியீட்டு நாளுக்குள் அவசரமாக முடிக்கப்பட்டது. அது முற்றுப்பெறாத படைப்பென்றே வைஸ் கருதிவந்தார். 2001-ல் அவர் மேற்பார்வையில் திருந்திய வடிவம் வெளிவந்தது. 2022-ல் அவ்வடிவம் மேலும் தெளிவுபெற்றது. அன்று உறக்கம் தருவதென்று இகழப்பட்ட படத்திற்கு இன்று வழக்குரைப்போர் பலர். படம் சிறிது மாறிற்று. பார்ப்போரே பெரிதும் மாறினர். இருபது வயதிற் போரை விரும்பிய கண், ஐம்பது வயதில் அமைதியை விரும்புதல் கூடும். இரண்டாம் படத்தில் முதுமையை எண்ணிக் கலங்கும் கிர்க்கின் துயரமும், அவ்வயதை எய்தினோர்க்கே முழுதும் விளங்கும்.

இத்துணையும் கூறியபின், எம் கருத்து யாதென வினவுவாரும் உளராகலாம். இத்தொடரை ஒருபோதும் காணாதவனுக்கும் பொருள் விளங்கி, நெடுநாட் பழகியவனுக்கு இன்னும் மிகுதியாகப் பொருள் தருவதே தலைசிறந்தது என்பது எம் அளவுகோல். அதன்படி இரண்டாம் படமே முதலிடம் பெறும். நான்காவது அதனை அடுத்து நிற்கும். ஆயினும், பெருஞ்செலவில் துணிந்து பெருவினா எழுப்பிய முதற்படம் இல்லாவிடின், சிறுசெலவில் நெஞ்சைத் தொட்ட இரண்டாம் படமும் தோன்றியிராது. அதனால் முதற்படத்தை இகழ்ந்து இரண்டாவதைப் புகழ்தல், வேரை இகழ்ந்து கனியைப் புகழ்தலாகும்.

கலாசாலை மாணவர் நூல்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் வழக்கிடும்போது இவ்விரசிகரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு, தவிர்க்கத்தக்கதும் ஒன்றுண்டு. தம் அளவுகோலைக் கூறாமல் தீர்ப்பை மட்டும் உரத்துக் கூறுதல் தவிர்க்கத்தக்கது. தாம் நேசிக்கும் பொருளின் குறையைக் கண்டும் நேசத்தை விடாமை, நேசித்தும் குறையை மறையாமை ஆகிய இரண்டையும் ஒருங்கே போற்றுதல் கற்கத்தக்கது. 1968-ல் கடிதம் எழுதி ஒரு கதையைப் பிழைப்பித்தோரின் வழிவந்தவர், இன்று வழக்கிட்டு அதனைப் பிழைப்பிக்கின்றனர். எவரும் வழக்கிடாத கதை அடுக்கிற் கிடந்து தூசி படியும். வழக்கிடுவோர் உள்ளவரை அது வாழும்.